எவ்வளவு வாங்குவது? டிரேடிங்கில் பலர் போடாமல் விடும் கணக்கு

பூவா தலையா போடும் ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். தலை விழுந்தால் நீங்கள் கட்டிய காசுக்கு 50% இலாபம். பூ விழுந்தால் கட்டிய காசில் 40% நட்டம். நாணயத்தில் கள்ளம் எதுவும் இல்லை, இரண்டுக்கும் சமவாய்ப்பு. விளையாடுவீர்களா?

விளையாடலாம் என்றுதான் கணக்குச் சொல்லும். 100 ரூபா கட்டினால் ஒன்றில் அது 150 ஆகும், இல்லாவிட்டால் 60 ஆகும். இரண்டுக்கும் சராசரி 105. அதாவது ஒவ்வொரு தடவையும் சராசரியாக 5 ரூபா உங்கள் பக்கம். இவ்வளவு சாதகமான ஒன்று சந்தையில் கிடைத்தால் எந்த டிரேடரும் விடமாட்டார்.

சரி, 100,000 ரூபாவோடு உட்காருவோம். ஒவ்வொரு தடவையும் கையில் இருக்கும் காசு முழுவதையும் கட்டுகிறோம். முதலில் தலை: 150,000. அடுத்தது பூ: 90,000. வரிசையை மாற்றிப் பார்த்தாலும் அதே கதைதான். முதலில் பூ விழுந்து 60,000 ஆகி, பிறகு தலை விழுந்து 90,000. ஒரு தலைக்கு ஒரு பூ என்று சரிசமமாக வந்தாலே 10% கரைந்துவிடுகிறது. இருபது தடவை போட்டு, பத்துத் தலையும் பத்துப் பூவும் விழுந்தால் மிஞ்சுவது 34,868 ரூபா.

இப்போது அதே நாணயத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் கையில் உள்ளதில் கால்வாசியை மட்டும் கட்டுவோம். 25,000 கட்டித் தலை விழுந்தால் 12,500 இலாபம், கையில் 112,500. அதில் கால்வாசி 28,125; பூ விழுந்து 11,250 போக, மிச்சம் 101,250. பத்துத் தலை, பத்துப் பூ முடிந்ததும் கையில் இருப்பது 113,227 ரூபா. கால்வாசிக்குப் பதில் பாதியைக் கட்டினால் இன்னும் வேடிக்கை. ஒரு தலையில் 125,000, அடுத்த பூவில் திரும்பவும் 100,000. இருபது தடவை விளையாடியும் ஒரு சதம் கூடவில்லை, ஒரு சதம் குறையவில்லை. பாதிக்கு மேல் கட்டத் தொடங்கினால், நமக்குச் சாதகமான விளையாட்டிலேயே நாம் தோற்கிறோம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஜோன் கெலி என்பவர் 1956இல் இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். வெற்றி வாய்ப்பும், இலாப நட்ட அளவும் தெரிந்தால் ஒரு தடவைக்கு எவ்வளவு கட்டுவது என்று அது சொல்லும். மேலே உள்ள நாணயத்துக்கு அந்தச் சூத்திரம் தரும் விடை சரியாக 25%. அதற்கு மேல் கட்டினால் ஆபத்துக் கூடும், வளர்ச்சி குறையும். நாணயத்துக்கு வாய்ப்பு எவ்வளவு என்று நமக்குத் தெரியும். ஒரு பங்கு நாளைக்கு ஏறும் வாய்ப்பு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதனால் அனுபவமுள்ளவர்கள் கெலி சொல்வதில் பாதி, கால்வாசி என்று குறைத்தே எடுப்பார்கள்.

எந்தப் பங்கு என்ற கேள்வி

நமது திருகோணமலையில் பங்குச் சந்தை ஆர்வம் கூடியதற்குக் கைபேசி ஒரு முக்கிய காரணம். முன்பு கணக்குத் திறப்பது என்றாலே கடதாசி வேலை, கொழும்புப் பயணம் என்று நினைத்துப் பின்வாங்கியவர்கள் பலர். 2020இல் கொழும்புப் பங்குச் சந்தையின் செயலி வந்த பிறகு, வீட்டில் இருந்தபடியே கணக்குத் திறக்கலாம் என்றாகிவிட்டது. அதே கைபேசியில் யூடியூப்பும் இருக்கிறது. நமது பையன்கள் தமிழில் டிரேடிங் படிப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துத்தான். அவை இந்தியப் பங்குச் சுட்டெண்களான நிஃப்டி, பேங்க் நிஃப்டி பற்றியும் அவற்றின் ஒப்ஷன் பற்றியும் பேசுகின்றன. கொழும்புச் சந்தையின் கட்டணமும் வேகமும் வேறு. ஆனால் வீடியோ பார்த்து வரும் துணிச்சல் மட்டும் அப்படியே இங்கே இறக்குமதியாகிவிடுகிறது.

அந்த வீடியோக்கள் சொல்லாமல் விடும் ஒரு தகவலையும் இங்கே போட்டுவிடுகிறேன். இந்தியாவின் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டெம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஒப்ஷன் (எதிர்கால விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்தங்கள்) டிரேடிங் செய்த தனிநபர்களில் 93% பேர் நட்டப்பட்டிருக்கிறார்கள்.

தேநீர்க் கடையில் நடக்கும் பேச்சு வழக்கமாக இப்படித்தான் இருக்கும்.

"அண்ணா, இப்ப எந்த ஷெயார் எடுக்கலாம்?"

"எவ்வளவு போடப் போறாய் தம்பி?"

"கையில இருக்கிறது எல்லாத்தையும்தான்."

இதற்குப் பிறகு எந்தப் பங்கின் பெயரைச் சொன்னாலும் அது தவறான அறிவுரைதான். நல்ல கம்பனி, கெட்ட கம்பனி என்ற பேச்சுக்கு முன்பே பிரச்சினை வந்துவிட்டது. ஒரே வியாபாரத்தில் நீங்கள் வைத்திருக்கும் அளவைத்தான் டிரேடர்கள் பொசிஷன் என்கிறார்கள். அது அளவுக்கு மீறிப் போனால், தெரிவு சரியாக இருந்தும் காசு போகலாம். விலை இறுதியில் 40% ஏறப்போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடையில் 25% இறங்கும்போது உங்களால் தாங்க முடியாமல் விற்றுவிட்டால், அந்த 40% வேறு யாருக்கோதான்.

இறங்கினால் ஏறுவது ஏன் கடினம்

10% நட்டத்தை ஈடுகட்ட 11% இலாபம் போதும். 25% போனால் 33% வேண்டும். பாதி போய்விட்டால் மிச்சத்தை இரட்டிப்பாக்க வேண்டும், அதாவது 100%. 80% போனால் 400%. 90% போய்விட்டால் 900%.

இதில் எந்த மாயமும் இல்லை. நட்டம் பெரிய முதலில் இருந்து கழிகிறது, இலாபம் மிஞ்சிய சின்ன முதலில் இருந்து வளர வேண்டியிருக்கிறது. ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் 50% நட்டத்தையும் 50% இலாபத்தையும் ஒன்றுக்கொன்று ஈடு என்றே மனதில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது தொடர் தோல்வி. பாதிக்குப் பாதி வெற்றி பெறும் ஒருவர் நூறு வியாபாரம் செய்தால், எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து தோல்வியாவது வர ஏறத்தாழ 81% வாய்ப்பு இருக்கிறது. ஆறு தொடர்ந்து வருவதற்கே பாதிக்கு மேல். அது துரதிர்ஷ்டமும் இல்லை, கண்ணூறும் இல்லை. நூறு தடவை செய்தால் வரத்தான் செய்யும்.

ஒவ்வொரு வியாபாரத்திலும் தன் மூலதனத்தில் 20% இழக்கத் தயாராக இருப்பவரிடம் ஐந்து தோல்விக்குப் பின் 100,000இல் 32,768 ரூபாதான் மிஞ்சும். பழைய இடத்துக்கு வர 205% சம்பாதிக்க வேண்டும். 2% மட்டுமே இழப்பவரிடம் 90,392 ரூபா இருக்கும். அவருக்கு 11%க்கும் குறைவாகவே தேவை. இருவரும் ஒரே பங்குகளை ஒரே விலையில் வாங்கியிருந்தாலும் இதுதான் நிலை.

போட்ட காசு வேறு, இழக்கக்கூடிய காசு வேறு

தொடக்கக்காரர்கள் மிக அதிகமாகக் குழம்பும் இடம் இது. "2%க்கு மேல் ரிஸ்க் எடுக்காதே" என்று கேள்விப்பட்டதும், 300,000 ரூபா வைத்திருப்பவர் ஒரு பங்கில் 6,000 ரூபாதான் போடலாம் என்று நினைத்துக்கொள்கிறார். அப்புறம் இது நடக்கிற காரியமா என்று அந்த விதியையே தூக்கி எறிந்துவிடுகிறார். அந்த 2% என்பது, கணிப்புப் பிழைத்தால் எவ்வளவு போகும் என்பதற்கான எல்லை. எவ்வளவு காசுக்கு வாங்குவது என்பது அதிலிருந்து வரும் இன்னொரு கணக்கு.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். மூலதனம் 300,000 ரூபா. ஒரு வியாபாரத்தில் 1%, அதாவது 3,000 ரூபாவுக்கு மேல் இழப்பதில்லை என்று முடிவு. ஒரு பங்கை 60 ரூபாவுக்கு வாங்கப் பார்க்கிறீர்கள். 54க்கு இறங்கினால் என் கணிப்புப் பிழை, விற்று வெளியே வந்துவிடுவேன் என்று வாங்கும் முன்பே தீர்மானிக்கிறீர்கள். இந்த 54தான் ஸ்டாப் லொஸ். ஒரு பங்குக்கு இழப்பு 6 ரூபா. 3,000ஐ 6ஆல் வகுத்தால் 500 பங்குகள். 500 பங்குகளின் விலை 30,000 ரூபா. ஆக, 300,000இல் 30,000 போடுகிறீர்கள், அதிலும் இழக்கக்கூடியது 3,000தான்.

கொழும்பில் இந்தக் கணக்கு இதோடு முடியாது. 10 கோடி ரூபாவுக்கு உட்பட்ட வியாபாரங்களுக்குத் தரகுக் கட்டணம், சந்தைக் கட்டணங்கள், வரி எல்லாம் சேர்த்து வாங்கும்போது 1.12%, விற்கும்போது 1.12% என்று வழக்கமாகக் கழிகிறது. 60 ரூபாவில் வாங்க 67 சதம், 54 ரூபாவில் விற்க 60 சதம். அப்படியென்றால் ஒரு பங்குக்கு உண்மையான இழப்பு 6 ரூபா அல்ல, ஏறத்தாழ 7.28 ரூபா. 3,000ஐ அதால் வகுத்தால் 412 பங்குகள்தான் வரும்.

ஸ்டாப்பை இன்னும் கிட்டக் கொண்டுவந்து 57இல் வைத்தால் என்ன? விலை வித்தியாசம் 3 ரூபா, கட்டணம் 1.31 ரூபா, மொத்தம் 4.31. பங்குகள் 696 ஆகக் கூடுகின்றன, ஆனால் நீங்கள் தாங்கும் இழப்பில் 30% வெறும் கட்டணத்துக்கே போகிறது. காலையில் வாங்கி மத்தியானம் விற்கும் யூடியூப் வித்தை கொழும்பில் ஏன் கைகொடுப்பதில்லை என்பதற்கு இந்தச் சின்னக் கணக்கே போதும் என்று நினைக்கிறேன். ஸ்டாப்பைக் கிட்ட வைப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 3 ரூபா மேலே கீழே ஆடுவது அந்தப் பங்கின் அன்றாடப் பழக்கமாக இருந்தால், கணிப்பு சரியாக இருந்தும் நீங்கள் வெளியே தள்ளப்படுவீர்கள். அதனால் ஸ்டாப்பைப் பங்கின் போக்கைப் பார்த்து வைக்க வேண்டும். பிறகு அதற்கு ஏற்றபடி அளவைக் குறைக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் நிறைய வாங்கிவிட்டு, நட்டம் தாங்கும் இடமாகப் பார்த்து ஸ்டாப்பைத் தேடுகிறார்கள்.

ஸ்டாப் லொஸ் இருந்தால் பயமில்லையா

சந்தை திறந்திருந்து, வாங்க ஆளும் இருந்தால்தான் ஸ்டாப் லொஸ் வேலை செய்யும். இலங்கையில் இருக்கும் நமக்கு இதை விளக்க வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. 2020 மார்ச்சில் கொரோனா முடக்கத்தோடு மூடிய கொழும்புப் பங்குச் சந்தை மே 11ஆம் திகதிதான் திறந்தது. திறந்த அன்றே விலைகள் விழுந்து வியாபாரம் நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட ஏழு வாரங்களும் உங்கள் ஸ்டாப் வெறும் எண்தான்.

2022 இன்னும் மோசம். அந்த ஜனவரியில், கொழும்புச் சந்தையின் மொத்தப் போக்கைக் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டியிருந்தது. கடன் வாங்கியாவது பங்கு வாங்கு என்று ஊரெல்லாம் பேசிய காலம். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு 18ஆம் திகதி திறக்க வேண்டிய சந்தையை ஒரு வாரம் மூடிவைத்தார்கள். 25ஆம் திகதி திறந்ததும் முன்னணிப் பங்குகளின் சுட்டெண் 10%க்கும் மேல் சரிந்து, அன்றைய வியாபாரமே முடிவுக்கு வந்தது. மாத முடிவில் அனைத்துப் பங்குச் சுட்டெண் 8,000க்குக் கீழே இருந்தது.

இப்படியான நாளில் 54இல் விற்பேன் என்று எழுதி வைத்தவருக்கு 54 கிடைக்காது. 48 கிடைக்கலாம், 45 கிடைக்கலாம், வாங்க ஆளே இல்லாமலும் போகலாம். 412 பங்குகள் வைத்திருந்தவருக்கு 45இல் விற்றாலும் நட்டம் கட்டணத்தோடு ஏறத்தாழ 6,700 ரூபா. திட்டமிட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் அவருடைய முதலில் 2% சொச்சம்தான். அன்றிரவு நித்திரை கொள்வார். முழுக் காசுக்கும் வாங்கியவருக்கு அதே விலையில் முதலின் கால்வாசிக்கு மேல் போயிருக்கும். ஸ்டாப் தவறும் நாளில் உங்களைக் காப்பது அளவு மட்டும்தான்.

கொழும்பில் சாதாரண நாட்களிலேயே சில சின்னப் பங்குகளில் நாள் முழுவதும் சில நூறு பங்குகள்தான் கைமாறும். அப்படியான பங்கில் 20,000 பங்குகள் வைத்திருந்தால், விற்கப்போகும் நீங்களே விலையை இறக்கிவிடுவீர்கள். வாங்கும் முன் விலையோடு சேர்த்து, அந்தப் பங்கில் தினமும் எவ்வளவு கைமாறுகிறது என்பதையும் பாருங்கள்.

கடனில் பெருத்த பொசிஷன்

ஃபொரெக்ஸ், அதாவது வெளிநாட்டு நாணய டிரேடிங், பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வட்ஸ்அப் குழுக்களில் வரும் வெளிநாட்டுச் செயலிகள் 1:100, 1:500 என்று லெவரேஜ் தருகின்றன, அதாவது போட்ட காசைப் போல நூறு, ஐநூறு மடங்குக்குக் கடனில் வியாபாரம் செய்ய விடுகின்றன. 200 டொலர் போட்டு 1:100இல் முழு அளவுக்கு வியாபாரம் செய்தால் உங்கள் கையில் இருப்பது 20,000 டொலர் பொசிஷன். விலை 1% எதிர்ப்பக்கம் போனால் 200 டொலரும் போச்சு. தங்கம் ஒரே நாளில் 1% அசைவது சாதாரணம். 1:500 என்றால் 0.2% போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு முக்கிய நாணயங்களில் 1:30க்கு மேல் கொடுக்கக் கூடாது என்று எல்லை போட்டது. இந்த வகைக் கணக்குகளில் 74% முதல் 89% வரை நட்டத்தில் முடிகின்றன என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம்.

2015 ஜனவரி 15ஆம் திகதி சுவிஸ் மத்திய வங்கி, யூரோவுக்கு எதிராகத் தன் நாணயத்துக்குப் போட்டிருந்த 1.20 என்ற எல்லையை முன்னறிவிப்பின்றி எடுத்துவிட்டது. சில நிமிடங்களில் விலை பாய்ந்த பாய்ச்சலில் ஸ்டாப் லொஸ்கள் எல்லாம் எங்கோ கீழே போய்த்தான் நிறைவேறின. போட்ட காசு போனது மட்டுமல்ல, புரோக்கருக்கே கடன்பட்டு நின்றவர்களும் உண்டு. அல்பாரி என்ற புரோக்கரின் பிரித்தானிய நிறுவனம் அந்த அடியோடு திவாலானது. இன்னொன்று, நமது நாட்டில் வெளிநாட்டு நாணயக் கொடுக்கல் வாங்கல் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குள் வருகிறது. கிரிப்டோ வாங்க வங்கி அட்டைகளைப் பயன்படுத்த அனுமதியில்லை என்று மத்திய வங்கியும் அறிவித்திருக்கிறது. காசு போன பிறகு முறையிடப் போக இடமிருக்காது.

லெவரேஜ் புரோக்கர் கொடுத்தால்தான் லெவரேஜ் என்றில்லை. அம்மாவின் தாலிக்கொடியை வங்கியில் அடகு வைத்துப் பங்கு வாங்குவதும் அதுதான். எடுத்த சீட்டைப் போடுவதும் அதுதான், ஏனென்றால் மிச்சத் தவணைகள் காத்திருக்கின்றன. இந்தக் காசில் வாங்கும்போது வட்டிக்கும் தவணைக்கும் ஒரு திகதி இருக்கிறது. பங்கு ஏறுவதற்குத் திகதி கிடையாது. 2022இல் புரோக்கர்களிடம் கடனில் வாங்கியவர்களுக்கும் இதுதான் நடந்தது. விலை இறங்க இறங்க, கடனுக்கு ஈடாக இருந்த பங்குகளைக் கட்டாயமாக விற்கிறார்கள். அந்த விற்பனை விலையை இன்னும் இறக்குகிறது. அடுத்தவரின் பங்கும் விற்பனைக்கு வருகிறது.

கண்ணுக்குத் தெரியாத பொசிஷன்

இது நம் ஊருக்கு மிகவும் பொருந்துகிற விஷயம், பாடம் எடுப்பவர்கள் அதிகம் தொடாததும்கூட.

நிலாவெளியில் அல்லது உப்புவெளியில் ஆறு அறையுள்ள ஒரு விடுதி நடத்துகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையும் சீசன். புறாமலைக்குப் படகு ஏறும் கூட்டம்தான் அவருடைய வருமானம். கையில் கொஞ்சம் காசு மிஞ்சுகிறது. அவருக்குச் சுற்றுலாத் துறை நன்றாகத் தெரியும், அதனால் ஹோட்டல் பங்குகள் வாங்குகிறார். தெரிந்த துறையில் போடு என்ற அறிவுரையைத்தான் பின்பற்றுகிறார். நான்கு வெவ்வேறு ஹோட்டல் கம்பனிகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். பார்வைக்குக் கச்சிதம்.

2019 ஏப்ரல் 21 வந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளோடு சுற்றுலா அப்படியே நின்றது. 2020இல் விமான நிலையமே மூடியது. 2022இல் எரிபொருள் வரிசை. மூன்று தடவையும் விடுதியில் ஆள் இல்லாத அதே வாரத்தில் பங்குகளும் விழுந்திருக்கும். நான்கு கம்பனிகள் இருந்தாலும் அவருடைய பொசிஷன் ஒன்றே ஒன்று, அதுவும் விடுதியையும் சேர்த்தால் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். அறை வாடகையும் இல்லாமல், வங்கிக் கடன் தவணையும் முன்னால் வந்து நிற்கும்போது, பங்கை மிக மோசமான விலையில் விற்க வேண்டிவரும். ஸ்டாப் லொஸ்ஸை இங்கே சந்தை தீர்மானிப்பதில்லை, வீட்டுச் செலவு தீர்மானிக்கிறது.

இதேபோல் ஒரு ஹார்ட்வெயார் கடைக்காரர் சீமெந்துப் பங்கு வாங்குவதும். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது, சீனக்குடாவில் லங்கா ஐஓசியின் எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. இரண்டும் கொழும்புச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகள். தினமும் கண்ணால் பார்க்கும் கம்பனி என்பதால் ஒரு நம்பிக்கை வருகிறது, அது இயல்புதான். வாயிலில் லொறிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து விற்பனை நடக்கிறது என்று சொல்லலாம். பங்கின் விலைக்குள் அந்த விற்பனை ஏற்கெனவே சேர்ந்துவிட்டதா என்று லொறியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தப் பங்குகளை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள் என்றும் சொல்லவில்லை. உங்கள் சம்பளம், கடை, காணி, பங்கு நான்கும் ஒரே காரணத்தால் ஒன்றாக விழுமா என்று ஒரு தடவை எழுதிப் பாருங்கள். விழும் என்றால் அளவைப் பாதியாக்குங்கள்.

நட்டத்துக்கு மேல் நட்டத்தைச் சேர்ப்பது

60இல் வாங்கினேன், 50க்கு வந்துவிட்டது, இன்னொரு தொகுதி வாங்கி ஆவரேஜ் பண்ணிவிடுவோம் என்பது இங்கே மிகவும் பிரபலமான வைத்தியம். சராசரி விலை 55க்கு இறங்கும், பார்க்க ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் நடந்தது என்ன? கணிப்புப் பிழைத்துக்கொண்டிருக்கும் ஒரு பங்கில் பொசிஷன் இரண்டு மடங்காகிவிட்டது. மாதாமாதம் ஒரே தொகையை நீண்டகாலத்துக்குப் போட்டுவரும் முதலீட்டாளரின் கதை வேறு. அவர் எவ்வளவு போடுவது என்று முன்பே முடிவெடுத்தவர். நட்டத்தைப் பார்த்த பதற்றத்தில் சேர்ப்பதைத்தான் சொல்கிறேன்.

இதன் உச்சத்தைப் பார்க்க 1995க்குப் போகலாம். சிங்கப்பூரில் பேரிங்ஸ் வங்கிக்காக வியாபாரம் செய்த நிக் லீசன், நட்டங்களை ஓர் இரகசியக் கணக்கில் மறைத்துக்கொண்டே ஜப்பானிய நிக்கெய் சுட்டெண்ணில் பொசிஷனைப் பெருக்கினார். ஜனவரி 17ஆம் திகதி கோபே நகரில் பூகம்பம். சந்தை விழ விழ, மீட்டுவிடலாம் என்று அவர் இன்னும் வாங்கினார். பெப்ரவரி முடிவில் நட்டம் 827 மில்லியன் பவுண். இருநூறு ஆண்டுக்கு மேல் பழைமையான வங்கி, கடைசியில் ஒரு பவுணுக்குக் கைமாறியது. அறிவாளிகளுக்கு இது நடக்காது என்று நினைத்தால், 1998இல் விழுந்த லோங் டேர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் பங்காளிகளில் இருவர் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர்கள். அவர்களுடைய கணிப்புகளில் பல பிற்பாடு சரியாகவே வந்தன. கடனில் பெருத்திருந்த பொசிஷன் அதுவரை தாக்குப்பிடிக்கவில்லை.

1%ஆ, 2%ஆ?

கடைசியில் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. தொடக்கத்தில் 1%, சில வேளை அதிலும் பாதி, என்பது என் அபிப்பிராயம். நூறு வியாபாரம் செய்து அதன் பதிவு கைக்கு வரும்வரை உங்கள் வெற்றி வீதம் என்ன என்று உங்களுக்கே தெரியாது. தெரியாத நாணயத்துக்குக் கெலியின் சூத்திரமும் உதவாது. ஒவ்வொரு வியாபாரத்துக்கும் 1% என்று வைத்தாலும், ஒரே நேரத்தில் எட்டுப் பங்குகள் இருந்து எல்லாம் ஒரே நாளில் விழுந்தால் 8%. ஆகவே எல்லாப் பொசிஷனும் சேர்ந்து இழக்கக்கூடியதற்கும் ஓர் எல்லை வேண்டும், 5% என்று வைத்துக்கொள்ளலாம். மாதத்தில் 6% இழந்தால் அந்த மாதம் புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்று இன்னோர் எல்லை. விட்டதை இன்றைக்கே பிடிக்க வேண்டும் என்று கை துடிக்கும் நாட்களில்தான் பெரிய பொசிஷன்கள் பிறக்கின்றன, அந்த எல்லை அந்த நாட்களுக்காகத்தான்.

ஓர் அப்பியாசக் கொப்பியில் வாங்கும் முன்பே நான்கு எண்களை எழுதுங்கள்: வாங்கும் விலை, வெளியேறும் விலை, கட்டணத்தோடு ஒரு பங்குக்கான இழப்பு, பங்குகளின் எண்ணிக்கை. நான்காவது எண் மற்ற மூன்றிலிருந்தும் வகுத்து வந்ததாக இருக்க வேண்டும். 50,000 ரூபா முதல் உள்ளவர் 1% வைத்தால் 500 ரூபா, மேலே பார்த்த பங்கில் 68 பங்குகள், ஏறத்தாழ 4,100 ரூபாவுக்கு வாங்கலாம். இவ்வளவு சின்னதா என்று தோன்றும். முதல் ஆறு மாதத்துக்கு அந்த 68 பங்குகளே போதும்.